மிஸ் கமலாவும் தகர டப்பாவும்

கேள்வி: அல்லிநகரம் பாரதிராஜா, பண்ணைப்புரம் இளையராஜா என்று சினிமாவுக்கு வாரிக் கொடுத்த பக்கம் எங்களுடையது. அந்தக் காலத்திலேயே கதை வசனம் எழுதிய பெண் யாராவது உண்டா?
– ஒரு வாசகி, சின்னமனூர்

பதில்: உண்டு. ஆனால் கம்பம் திராட்சைத் தோட்டத்தில் தேடாதீர்கள், திருவையாற்றுக்காரர். டி.பி. ராஜலட்சுமி. 1931-ல் வந்த ‘காளிதாஸ்’ படத்தில் கதாநாயகன் தெலுங்கில் பேச, நாயகியான இவர் தமிழில் பேசினார். (புரியாமலே குடும்பம் நடத்துவதற்கு நல்ல ஒத்திகை!)

தான் எழுதிய ‘கமலவல்லி’ நாவலையே 1936-ல் ‘மிஸ் கமலா’ என்று படமாக்கினார். கதை, வசனம், இயக்கம், தயாரிப்பு, கதாநாயகி எல்லாம் அவரே. சம்பள பாக்கிக்குச் சண்டை போடுவதென்றால் கண்ணாடி முன்னால்தான் நின்றிருக்க வேண்டும். மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். ஹாலிவுட்டில் அதே காலத்தில் ஃபிரான்சஸ் மேரியன் என்ற எழுத்தாளர் இரண்டு ஆஸ்கர் வாங்கியிருந்தார். நாம் ராஜலட்சுமிக்குக் கொடுத்தது ‘சினிமா ராணி’ பட்டம்.

‘மிஸ் கமலா’ படச்சுருள்தான் இன்று கிடைப்பதில்லை. உங்கள் ஊரில் பழைய டூரிங் கொட்டகைக்காரர் வீட்டுப் பரணில் தகர டப்பா ஏதாவது கிடந்தால், எலிக்கு முன்னால் நீங்கள் பார்த்துவிடுங்கள்.