நாலு ஸ்க்ரூவும் ஒரு நம்பரும்

ஆங்கிலோ இந்தியர்கள் சொந்தக் கையால் உழுது பிழைக்கட்டும் என்று மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் கொடுத்த நிலத்தில், 1882-இல் உருவான ஊர் பெங்களூரின் வைட்ஃபீல்ட். முன்னின்று நடத்திய டி.எஸ். வைட்டின் பெயரே ஊருக்கும் நிலைத்தது. இன்று அதே ஊரில் சுவரில் ஆணி அடிக்கக்கூட ஆப்பில் ஆள் தேடுகிறார்கள். விழித்திருக்கும் நேரமெல்லாம் லேப்டாப்பும் கையுமாக இருப்பவர்கள், அதன் மூடிக்குள் இருப்பதை மட்டும் கருவறையைப் போல எட்டி நின்றே கும்பிடுகிறார்கள். கீபோர்டின் மேல் இயர்போனை வைத்தபடி மூடி அழுத்தித் திரை உடைந்துவிட்டால், கிடைக்கும் ஆலோசனை ஒன்றுதான்: "புதுசு வாங்கிடுங்க, ஈ.எம்.ஐ. இருக்கு." என் கட்சி வேறு. சாதாரண லேப்டாப்பின் திரையை மாற்றுவதற்குப் பெரிய கைத்திறன் எதுவும் வேண்டாம். அது பாதிக்கு மேல் கடைக்குப் போய்ச் சரியானதைக் கேட்டு வாங்கும் வேலை. தோற்றவர்களில் பலர் கழற்றும்போது தோற்கவில்லை, வாங்கும்போதே தோற்றுவிட்டார்கள்.

காரணம் மூடிக்குள்ளேயே இருக்கிறது. வெளியே எந்த கம்பெனியின் லோகோ மின்னினாலும், உள்ளே இருக்கும் பேனல் பெரும்பாலும் ஏ.யு. ஆப்ட்ரானிக்ஸ், இன்னோலக்ஸ், பி.ஓ.இ., எல்.ஜி. என்று விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் செய்ததுதான். பேனலின் முதுகில் ஒரு ஸ்டிக்கர், அதில் ஒரு நீண்ட நம்பர். பி156 என்று தொடங்கினால் ஏ.யு. செய்த 15.6 அங்குலப் பேனல், எல்.பி.156 என்றால் அதே அளவில் எல்.ஜி. செய்தது. மொத்த ஜாதகமும் அந்த ஒரு வரியில் அடக்கம். ஆனால் நம்மவர்கள் லேப்டாப்பின் மாடல் பெயரை மட்டும் நம்பி ஆன்லைனில் ஆர்டர் போட்டுவிட்டு, பார்சல் வந்த பிறகுதான் மூடியைத் திறக்கிறார்கள். ஒரே மாடல் பெயரில் 1366x768 திரையும் வரும், 1920x1080 திரையும் வரும். ஒன்றுக்கு 30 பின் கனெக்டர், இன்னொன்றுக்கு 40 பின். ஒன்றில் ஸ்க்ரூ மாட்டக் காது இருக்கும், இன்னொன்றில் இருக்காது. பெயர்ப் பொருத்தம் பார்த்துவிட்டு நட்சத்திரப் பொருத்தம் பார்க்காமல் விட்டால் யார் என்ன செய்ய முடியும்? முதலில் கழற்ற வேண்டும், பிறகுதான் வாங்க வேண்டும். அதற்கும் முன்னால் ஹெச்.டி.எம்.ஐ. வயரை வீட்டு டி.வி.யில் செருகிப் பார்க்க வேண்டும். டி.வி.யிலும் படம் கோணல்மாணலாக வந்தால் குற்றவாளி திரை அல்ல. பேனல் வாங்கும் செலவு மிச்சம், கவலை மட்டும் கூடுதல்.

மாட்டும் வேலையில் உண்மையாகவே பயப்பட வேண்டிய இடம் ஒன்று உண்டு. எல்லோரும் பயப்படுவது அங்கே அல்ல. சுற்றியுள்ள பிளாஸ்டிக் சட்டம் 'படக் படக்' என்று சத்தம் போட்டு வரும், காலாவதியான ஏ.டி.எம். கார்டைச் செருகி மெல்ல நெம்பினால் போதும். அதன் பின் பேனலைப் பிடித்திருப்பவை பெரும்பாலும் நாலு ஸ்க்ரூ, புது மாடல்களில் இழுத்தால் ரப்பராக நீளும் ஒட்டுப் பட்டை. இதற்கெல்லாம் வியர்ப்பவர்கள், சார்ஜரைப் பிடுங்கியதோடு மின்சாரம் போய்விட்டது என்று நினைத்து பேட்டரியை மறந்துவிடுகிறார்கள். பேட்டரி இணைப்பில் இருக்கும்போது கேபிளைக் கழற்றி மாட்டினால், மதர்போர்டில் பின்னொளிக்கான குட்டி ஃப்யூஸ் போய்விடக்கூடும். பிறகு புதுப் பேனலும் இருட்டாகத்தான் இருக்கும். கடைக்காரர் வீணாகத் திட்டு வாங்குவார். ஆகவே அடிமூடியைத் திறந்து பேட்டரி இணைப்பை எடுத்த பிறகே மற்றதெல்லாம். கனெக்டரையும் மேல்நோக்கிப் பிடுங்காமல், பூட்டுக் கம்பியைத் தூக்கிவிட்டு, பேனலோடு படிந்தவாறே பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்.

"வாரண்டி போய்விடுமே!" என்பார்கள். கை தவறி உடைந்த திரையைச் சாதாரண வாரண்டி முதலிலேயே கைவிட்டுவிட்டது. இல்லாத குழந்தைக்கு எதற்குப் பெயர் சூட்டு விழா? விபத்துப் பாதுகாப்புக்குத் தனியாகப் பணம் கட்டியிருந்தால் மட்டும் ஸ்க்ரூடிரைவரை உள்ளே வைத்துவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போகலாம். கண்ணாடியோடு ஒட்டிப்போன டச் திரை, மூடியையே மொத்தமாக மாற்றச் சொல்லும் மேக்புக் போன்றவற்றில் என் வாதம் செல்லாது, ஒப்புக்கொள்கிறேன். கம்பெனி ஸ்டிக்கர் ஒட்டிய ஆபீஸ் லேப்டாப்பையும் தொடக் கூடாது. அது உங்கள் பொருளே அல்ல. "கடையில் கொடுத்தால் அவரே மாட்டித் தருவாரே" என்பதுதான் பலமான எதிர்வாதம். நல்ல கடைக்காரர் கிடைத்தால் கொடுங்கள், தப்பில்லை. ஆனால் பேனல் நம்பர் தெரிந்து போகிறவரிடம் விலை பேசும் தொனியே வேறு.

இப்படித் தானே பிரித்துப் பார்ப்பதை ஏதோ கஞ்சத்தனம் என்று நினைப்பவர்கள் அரசாங்கத்தையும் அந்தக் கணக்கில் சேர்க்க வேண்டியிருக்கும். 2022 டிசம்பர் 24 அன்று, தேசிய நுகர்வோர் தினத்தில், மத்திய நுகர்வோர் துறை 'பழுதுபார்க்கும் உரிமை'க்கென்றே ஒரு இணையதளத்தைத் தொடங்கியது. பிரான்சில் 2021 முதல் லேப்டாப்பை எவ்வளவு எளிதாகப் பழுதுபார்க்கலாம் என்று பத்துக்கு மார்க் போட்டு விற்கிறார்கள். புல்வெட்டும் இயந்திரத்துக்கும் மார்க் உண்டு.

கடைதான் தூரமா என்றால், 2023-இல் வைட்ஃபீல்டுக்கு மெட்ரோ வந்தபின் அந்தச் சாக்கும் போய்விட்டது. மெஜஸ்டிக்கில் பச்சை லைனுக்கு மாறினால் அடுத்த ஸ்டேஷன் சிக்பேட்டை, எலக்ட்ரானிக்ஸ் கடைகள் நிறைந்த எஸ்.பி. ரோடு அங்கிருந்து நடக்கிற தூரம். பழைய பேனலைக் கையோடு கொண்டுபோங்கள். காசு கொடுப்பதற்கு முன் புதுப் பேனலை எரியவிட்டுக் காட்டச் சொல்லுங்கள். வெள்ளைத் திரையில் ஒரு முறை, கறுப்புத் திரையில் ஒரு முறை.