டி.பி. பெட்டி அண்ணாச்சி

திருநெல்வேலிப் பக்கத்துக் கல்யாண மண்டபங்களில் மாப்பிள்ளை யார் என்பது சிலருக்குத் தெரியாமல் போகலாம். மேனேஜர் அண்ணாச்சி யார் என்பது யாருக்கும் தெரியாமல் போகாது. மாடிப்படிக்குக் கீழே, மடக்கு நாற்காலி அடுக்குக்கும் அண்டாக்களுக்கும் நடுவில், சுவரில் ஓர் இரும்புப் பெட்டி இருக்கும்; மண்டபத்துக்கே மின்சாரம் பிரித்தனுப்பும் டி.பி. பெட்டி. அதன் கதவு எந்தக் காலத்திலோ கழன்றுவிட்டது. பெட்டிக்கு எதிரே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டு, இடுப்பில் சாவிக்கொத்தோடு உட்கார்ந்திருப்பவர்தான் அவர்.

பெட்டிக்குள் பேஸுக்குப் பன்னிரண்டாக மூன்று பேஸுக்கு 36 ட்ரிப்பர்கள். மேடை, டைனிங் ஹால், பெண் அறை, மாப்பிள்ளை அறை, வாசல் வளைவு, கைகழுவும் இடம் எல்லாம் இந்த 36-க்குள் அடக்கம். மண்டபச் சுவர்களில் சுவிட்சைத் தேடித் தடவினால் சுண்ணாம்புதான் கையோடு வரும். கட்டும்போதே முதலாளி சொல்லிவிட்டாராம்: "சுவத்துல சுவிட்சு வச்சா கல்யாணத்துக்கு வார புள்ளைய பூரா அதுலதான் விளையாடும். எல்லாத்தையும் பெட்டியில கொண்டுவந்து முடிச்சிரு." காண்ட்ராக்டருக்கும் அது வசதியாகப் போயிற்று. சுவிட்சு மிச்சம், வயர் மிச்சம், சுவரைக் கொத்தும் கூலியும் மிச்சம்.

அன்றிலிருந்து விளக்கு வேண்டுமென்றால் அண்ணாச்சியிடம்தான் போகவேண்டும். பெண்ணின் தாய்மாமன் பட்டுவேட்டி தடுக்க ஓடிவருவார்.

"அண்ணாச்சி, பொண்ணு ரூம்புல லைட்டு எரியல. அலங்காரம் பாதியில நிக்கி."

அண்ணாச்சி அவசரப்பட மாட்டார். "ஏல, ரெண்டாவது வரிசையில கடைசிக்கு முந்துனத தட்டு." எடுபிடிப் பையன் தட்டுவான். 'டக்'கென்று சத்தம் வரும். பெண் அறைக்குப் பதிலாகச் சமையல்கட்டு கிரைண்டர் நின்றுபோகும். "அதுல்லல, அதுக்குக் கீழ உள்ளது." இப்போது மேடை இருளும். நாதஸ்வரக்காரர் கீர்த்தனையை நிறுத்தாமல் கண்ணை மட்டும் உருட்டுவார். மூன்றாவது 'டக்'கில் பெண் அறையில் வெளிச்சம் வரும். பாதி மை இட்ட கண்ணோடு மணப்பெண் வெளிப்படுவாள்.

எந்த நெம்புகோல் எதற்கு என்று ஒரு சீட்டாவது ஒட்டக்கூடாதா என்று கேட்பவர்கள் உண்டு. அண்ணாச்சி தலையைத் தட்டிக் காட்டுவார்: "எல்லாம் இங்கன இருக்கு." சீட்டு ஒட்டினால் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலியில் யார் வேண்டுமானாலும் உட்காரலாம் என்பது அவருக்குத் தெரியும். எழுதி வைக்காத ஞானத்துக்குத்தான் ஊரில் மரியாதை.

அவருடைய சிக்கனம் தனி ரகம். ரசீதிலேயே அச்சடித்திருக்கும்: கரண்டு தனி, மீட்டர் ரீடிங்படி. கல்யாண வீட்டார் சாவி வாங்கி ரீடிங் குறித்த மறுநிமிடம் 36-ம் மேலே ஏறிவிடும். பட்டப்பகலில் வாசல் வளைவு ஜொலிக்கும், ஆளில்லாத மாடியில் விளக்குகள் பல்லைக் காட்டும். கல்யாணம் முடிந்து ரீடிங் எடுத்ததும் 36-ம் கீழே. அப்புறம் செல்போன் டார்ச்சில்தான் அண்ணாச்சி கணக்கு எழுதுவார். நடுவில் ஓர் உபயோகமும் உண்டு. கடைசிப் பந்தியில் பாயசத்துக்குப் பிறகும் ஊர்க்கதை பேசிக்கொண்டிருப்பவர்களிடம் "எந்திரிங்க" என்று சொல்வது பண்பல்ல. டைனிங் ஹாலில் ஒரு வரிசையை மட்டும் இறக்குவார். புரியாதவர்களுக்கு அடுத்த வரிசை.

இவருடைய சொந்தங்கள் எல்லா ஊரிலும் உண்டு. சூப்பர் மார்க்கெட்டில் இரவு பத்து மணிக்கு இருப்பதையெல்லாம் கீழே தள்ளிவிட்டு ஷட்டரை இறக்குவார் ஒருவர். மறுநாள் காலையில் ஐஸ்கிரீம் பெட்டியைத் திறந்தால் பாயசம் இருக்கும், கண்காணிப்புக் கேமராவில் இரவு முழுக்கக் கறுப்புப் படம் ஓடியிருக்கும். டியூஷன் சென்டரில் ஒருவர், ஜவுளிக்கடையில் ஒருவர். அணைப்பதில் எல்லோருக்கும் ஒரே மகிழ்ச்சி.

வயரிங் பார்க்க வருகிற எலக்ட்ரீசியன் தம்பிக்கு இந்தப் பெட்டியைப் பார்த்தால் வயிறு கலங்கும்.

"அண்ணாச்சி, இது சுவிட்சு இல்ல. வயருக்குக் காவல். லோடு கூடுனா உள்ள இருக்க ரெட்டை உலோகப் பட்டை சூடாகி வளைஞ்சு தட்டிவிடும். ஷார்ட் ஆனா காயில் இழுத்துக் கண்ணிமைக்கிறதுக்குள்ள அறுத்துவிடும். அதுக்காக வச்சது."

"நான் கீழ தள்ளுனாலும் அறுக்குதுல்லா?"

"அறுக்கும். எத்தனை நாளைக்கு? ஐ.இ.சி. 60898-ன்னு ஒரு தரநிலையில லோடோட 4,000 தடவை போட்டு அணைச்சுப் பாக்கச் சொல்லிருக்கு. சுவத்துல வைக்கிற சாதா சுவிட்சுக்கு 40,000 தடவை. நீங்க ஒரு நாளைக்கு அஞ்சு தடவை தட்டுனீங்கன்னா 800 நாளு. ரெண்டே கால் வருசம்கூட வராது."

அண்ணாச்சி பெட்டியைப் பெருமையோடு பார்ப்பார். "இது ஒம்பது வருசமா ஓடுதுல்லா!"

தம்பி வாயடைத்து நிற்பான். 4,000-த்தைத் தாண்டிய மறுநாளே வெடிக்கும் என்று எந்தத் தரநிலையும் சொல்லவில்லை. ஒவ்வொரு தட்டலுக்கும் உள்ளே ஒரு பொறி. ஒவ்வொரு பொறிக்கும் தொடுமுனையில் கொஞ்சம் கரி. ஸ்பிரிங் தளரும், முனை சூடேறும். விளக்கு அப்போதும் எரியும். நிஜமான ஷார்ட் வருகிற ஒரு நாளில் அது தட்டுமா என்பதுதான் கேள்வி. 1924-இல் ஜெர்மனியின் மான்ஹைம் நகரத்து ஹூகோ ஸ்டோட்ஸ் இந்தச் சிறு ட்ரிப்பருக்குக் காப்புரிமை பெற்றபோது, உருகிப்போகும் பியூஸுக்கு மாற்றாகத்தான் அதை நினைத்தார். திருடனைப் பிடிக்க வைத்த கூர்க்காவை நாளெல்லாம் கதவு திறந்துவிடச் சொன்னால், திருடன் வரும் இரவில் அவன் தூங்குவான்.

அமெரிக்காக்காரர்கள் இதற்கு ஓர் ஏற்பாடு செய்திருக்கிறார்கள். அங்கேயும் கடை கண்ணிகளில் பெட்டியில் விளக்கணைக்கும் அண்ணாச்சிகள் இருக்கவேண்டும். இல்லாவிட்டால் சட்டம் எதற்கு? டியூப்லைட் சர்க்யூட்டுக்கு ட்ரிப்பரையே சுவிட்சாக வைப்பதென்றால், அதில் எஸ்.டபிள்யூ.டி. என்றோ எச்.ஐ.டி. என்றோ முத்திரை இருக்கவேண்டும் என்று அவர்களுடைய மின் விதிநூல் சொல்கிறது. நம் அண்ணாச்சியின் பெட்டியில் இருக்கும் ஒரே முத்திரை ஆயுதபூஜைக்கு வைத்த சந்தனம்.

பெரிய விபரீதம் தேய்மானத்தில்கூட இல்லை. தானாக ஒரு ட்ரிப்பர் கீழே விழுந்தால் அது சேதி: 'எங்கேயோ கோளாறு, போய்ப் பார்.' அண்ணாச்சியின் பெட்டியிலோ எப்போது பார்த்தாலும் ஏதோ சில கீழே கிடக்கும். எது விழுந்தது, எது இறக்கியது என்று யாருக்குத் தெரியும்? ஒருமுறை பந்தல்காரரின் சீரியல் செட் வயர், நாற்காலிக் கால் ஏறி நசுங்கிவிட்டது. ட்ரிப்பர் தட்டியது. பையன்தான் கைபட்டு இறக்கிவிட்டான் என்று அவன் தலையில் ஒரு குட்டு வைத்து, அண்ணாச்சி மேலே தள்ளினார். மறுபடி விழுந்தது. மறுபடி தள்ளினார். கடைசியில் துடைப்பக்குச்சி கொண்டுவரச் சொல்லி முட்டுக் கொடுத்தார். நல்லவேளை, அந்த ட்ரிப்பரைச் செய்தவன் அண்ணாச்சியையும் நினைத்துத்தான் செய்திருக்கிறான். நெம்புகோலை மேலே பிடித்துவைத்திருந்தாலும் உள்ளே தனியாக விடுபட்டுக்கொள்ளும். குச்சி நின்றது, விளக்கு எரியவில்லை. "கம்பெனி சரக்கு இல்ல வே" என்று தீர்ப்புச் சொன்னார்.

எல்.ஈ.டி. மாட்டிய வருஷம் முதலாளி ஒருவழியாக மனம் மாறினார். நாற்பது எல்.ஈ.டி.யையும் ஒரே தட்டில் ஏற்றினால், அவற்றுக்குள் இருக்கும் டிரைவர் சர்க்யூட்டுகள் அத்தனையும் அந்த நொடியில் குபீரென்று கரண்டை இழுக்க, ட்ரிப்பர் விழுந்துகொண்டே இருந்தது. எலக்ட்ரீசியன் தம்பி அழைக்கப்பட்டான். வரிசைகளைப் பிரித்தான். கான்டாக்டர்கள் மாட்டினான், அடிக்கடி தட்டுவதற்கென்றே பிறந்தவை அவை. அவற்றை இயக்கப் பன்னிரண்டு சின்ன சுவிட்சுகளை அண்ணாச்சியின் அறையிலேயே வைத்து, ஒவ்வொன்றின் கீழும் அழகாகப் பெயர் எழுதினான். பெட்டிக்குப் புதுக் கதவும் போட்டான். "இனி அந்தப் பக்கமே போகாதீங்க அண்ணாச்சி" என்று கைகூப்பினான்.

மூன்று மாதம் கழித்து வந்து பார்த்தான். பன்னிரண்டு சுவிட்சுகளும் ஆன்-இல் இருந்தன. அவற்றின்மேல் முகூர்த்தக் காலண்டர் தொங்கியது. புதுக் கதவு பந்திக்குப் பாய் சுருட்டி வைக்கும் இடத்தில் சாய்ந்திருந்தது. அண்ணாச்சி அதே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார்.

"நல்ல வேலை செஞ்சிருக்கடே தம்பி," என்றார் மனம் நிறைந்து. "முன்னால 36-யும் தட்டணும். இப்ப ஒன்னோட கான்டாக்டருக்கெல்லாம் கரண்டு போவுது பாரு, இந்த ஒரே ஒரு ட்ரிப்பரு, இதக் கீழ தள்ளுனா மண்டபமே அணைஞ்சிருது!"