கை தூக்குறதுக்கா பஞ்சம்?

ஏன்டா பேரான்டி, கட்சி பேதம் பார்க்காம எல்லாரும் ஒண்ணாச் சேர்ந்து பாதாளக் கும்பலையும் தூள்காரனையும் ஒழிக்கப் போறாங்கன்னு போனைப் பார்த்துக் குதிக்கிறியே, அவங்க என்னைக்குடா சேராம இருந்தாங்க?

2001ல சேர்ந்தாங்க. அரசியலமைப்புக்கு 17வது திருத்தம். பொலிஸ்காரனை மாத்துறதும் ஏத்திவிடுறதும் அமைச்சர் வீட்டு வேலையா இருக்கக்கூடாதுன்னு தேசிய பொலிஸ் ஆணைக்குழு வந்துச்சு. நல்ல காரியந்தான். நம்ம மாத்தளை முத்துமாரி தேரை நெனச்சுப் பாரு. மாசி மகத்துக்கு அஞ்சு தேரு வருது. நீங்க வடத்தைப் புடிச்சுக்கிட்டு செல்பி எடுக்கிறீங்க. சக்கரத்துக்குப் பக்கத்துல குனிஞ்சு குனிஞ்சு கட்டை போட்டுக்கிட்டு வர்றானே, அவனை எவன் பார்க்கிறான்? அவன் இல்லேன்னா தேரு கடைக்குள்ள பூந்துரும். ஆணைக்குழுங்கிறது அந்தக் கட்டைதான்டா.

போட்ட கட்டையை என்ன செஞ்சாங்க? 2010ல பாராளுமன்றத்துல 161 பேரு கை தூக்கி ஒதைச்சுத் தள்ளுனாங்க. ஆணைக்குழுவுக்கு ஆள் போடுறது ஜனாதிபதி கைக்குப் போயிருச்சு. 2015ல 212 பேரு கை தூக்கித் திரும்பப் போட்டாங்க. 2020ல 156 கை, கட்டை போச்சு. 2022ல 179 கை, கட்டை வந்துச்சு. போடவும் தூக்கி, எடுக்கவும் தூக்குன கை எத்தனைன்னு ஹன்சார்டைப் பொரட்டிப் பாரு. எனக்குக் கண்ணு மங்கல். 2015லயும் 2022லயும் மாட்டேன்னு நின்ன ஒரே ஆளு சரத் வீரசேகர. அவரு சொல்றது நமக்கு ஒத்துவராது. ஆனா மனுசன் நின்ன எடத்துலயே நின்னாரு பாரு!

2023 டிசம்பர்ல யுக்தியன்னு ஒரு தூள் வேட்டை வந்துச்சே, மறந்துட்டியா? மோப்ப நாயி முன்னால, டிவி கேமரா பின்னால. அதைப் பதில் பொலிஸ் மா அதிபரா இருந்து நடத்துனவரு தேசபந்து தென்னக்கோன். 2025 ஆகஸ்ட் 5ல பாராளுமன்றமே அவரை வீட்டுக்கு அனுப்பிருச்சு. 177 கை. எதிர்த்து ஒத்தைக் கை கிடையாது. அந்த வருசம் பெப்ரவரியில புதுக்கடை நீதிமன்றத்துக்குள்ளேயே, சட்டப் புத்தகத்தைக் குடைஞ்சு துப்பாக்கியைக் கொண்டுபோயி, வக்கீல் வேசத்துல ஒருத்தன் பாதாளக் கும்பல்காரன் கணேமுல்ல சஞ்சீவவைச் சுட்டானே. சட்டப் புத்தகத்துக்கு நம்ம நாட்டுல இப்படியும் ஒரு வேலை இருக்கு. அப்புறம் ஒக்டோபர் 30ல சுகததாச அரங்குல, தூளை ஒழிக்கன்னு ‘முழு நாடுமே ஒன்றாக’ங்கிறதை ஆரம்பிச்சாங்க. பேரு நல்லாத்தான் இருக்கு. நான் குத்தம் சொல்லல.

ஆனா நம்ம பக்கத்துல நடந்ததைக் கேளு. ஒருத்தன் ஓடைக்கரையில கோடா பரலைப் பொதைச்சு வச்சுக் கசிப்புக் காய்ச்சினான். பரலோட புடிச்சு ஜீப்புல ஏத்துனாங்க. அவன் சரத்துல ஈரம் காயல, ஸ்டேஷனுக்குப் போன் வந்துருச்சு. ‘நம்ம பையன், கொஞ்சம் பார்த்து விடுங்க.’ எடுத்தது ஆளுங்கட்சி. வச்ச கையோட இன்னொண்ணு. அது எதிர்க்கட்சி. ரெண்டு பேரும் கல்யாண வீட்டுல எதுக்கெதிரே ஒக்காந்தாலும் மொகம் பார்க்க மாட்டாங்க. கசிப்புக்காரனுக்குன்னா மட்டும் ஒரே கொரலு! சாயந்தரம் அவன் எங்க லயத்து வாசல்ல நின்னு பீடி குடிக்கிறான். இதுக்கு மேல ஒனக்கு எந்தக் கட்சி ஒத்துமைடா வேணும்?

அடுத்த தடவை மேடையில கைகோர்த்துக்கிட்டு நின்னாங்கன்னா, பக்கத்துல போயி மெதுவா ஒண்ணே ஒண்ணு கேளு. ‘ஐயா, கடைசியா பொலிசுக்கு யாருக்காகப் போன் எடுத்தீங்க?’ கோர்த்த கை தானா அவுந்துரும்.

என்னா, மொறைக்கிறே? லைசன் இல்லாம ரத்தோட்டை ரோட்டுல பைக் ஓட்டி மாட்டுனியே, அப்ப ஒங்க மாமன் எந்தக் கட்சி ஆபீசுக்கு ஓடுனான்? ரெண்டுக்குந்தானே?