பல்லைப் பிடிச்சுப் பாக்குற கேள்விக

எம் பேத்தி அமெரிக்காவுக்குப் படிக்கப் போறா. இன்னும் போகல, தீனிக் கேள்வியில மாட்டிக்கிட்டு நிக்கா.

லாஸ் ஏஞ்சல்ஸ் பட்டணத்துல தெற்கு கலிபோர்னியா பல்கலைக்கழகம்னு ஒண்ணு இருக்காம். அதுல சேர மனுப் போட்டா, உனக்குப் பிடிச்ச நொறுக்குத்தீனி என்னன்னு கேக்காக. நூறு எழுத்துக்குள்ள சொல்லணும். புள்ள ‘டார்க் சாக்லேட்’னு எழுதுனா, அழிச்சா. ‘உலர்ந்த பழங்கள்’னு எழுதுனா, அதையும் அழிச்சுட்டு நகத்தைக் கடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கா. ராத்திரி ரெண்டு மணிக்கு அடுக்களையில டப்பா மூடியைச் சத்தமில்லாமத் தெறந்து கடலைமிட்டாய் திங்கிறது யாருன்னு எனக்குத் தெரியும். நமக்கு உறக்கம் வராத வயசு பாருங்க. கோவில்பட்டிக் கடலைமிட்டாய்க்கு 2020-லயே புவிசார் குறியீடு குடுத்தாச்சு. எம் பேத்திதான் இன்னும் அங்கீகாரம் குடுக்கல.

அதே மனுவுல இன்னொரு கேள்வி: உன்னை மூணே வார்த்தையில சொல்லு. ‘ஆர்வம், விடாமுயற்சி, தலைமைப்பண்பு.’ ஏத்தா, இது நீயா, இல்ல வார்டு கவுன்சிலர் சுவரொட்டியா? வீட்டுல கேட்டா ஆளுக்கு ஒண்ணு சொல்லிருவோமே. உங்க ஆத்தா ‘சோம்பேறி’ம்பா, தம்பி ‘கஞ்சப்பிசினாறி’ம்பான், நான் ‘வாயாடி’ம்பேன். மூணு ஆச்சு, போட்டுரு தாயீன்னேன். மொறைக்கா.

எனக்கு இங்கிலீஷ் தெரியாது. அவ வாசிச்சு அர்த்தம் சொல்லுவா. ஆனா மாடு பிடிக்கத் தெரியும். கழுகுமலை மாட்டுத்தாவணிக்கு நான் போகாத பங்குனி கிடையாது. விக்க வந்தவன் ஒரு மாசம் பருத்திக்கொட்டையும் புண்ணாக்கும் போட்டு, கொம்பு சீவி, வர்ணம் பூசி, சலங்கை கட்டிக் கொண்டாந்து நிறுத்துவான். நல்லாத்தான் இருக்கும். வாங்க வந்தவன் அதையெல்லாம் ஒரு பார்வை பாத்துட்டு, நேரா வாயைப் பிளந்து பல்லை எண்ணுவான். பொறவு முதுகுல கையை ஓட்டிச் சுழி பாப்பான். பாடைச்சுழி இருந்தா துண்டை உதறித் தோள்ல போட்டுட்டு நடையைக் கட்டிருவான். ‘காமன் ஆப்’னு பல காலேசுக்கும் பொதுவா ஒரு மனு, அதுல 650 வார்த்தைக்குள்ள ஒரு கட்டுரை கேக்காகள்ல, அது வர்ணம் பூசுன கொம்பு. அதுக்கு நாலு மாசம் பூசுதீக. இந்தச் சின்னக் கேள்விகதான் வாயைப் பிளக்குற எடம். அதைக் கடைசி ராத்திரிக்குத் தள்ளிப் போடுதீக.

தாவணி மாதிரி இதுலயும் தரகர் உண்டு. ‘ஆலோசகர்’னு பேரு. ஒருத்தர் எங்கிட்டப் பேச வந்தாரு. அவரு சொன்ன தொகைக்கு ரெண்டு சோடிக் காளை வாங்கலாம். துண்டுக்குள்ள இருந்து கையை உருவிக்கிட்டேன்.

யேல் பல்கலைக்கழகத்துலயும் சிக்கனந்தான். சின்னக் கேள்விக்கு 200 எழுத்து, ஏறக்குறைய 35 வார்த்தை. இதுல எப்படி என் வாழ்க்கையச் சொல்றதுன்னு அழுதா. 2013-ல தந்தியை நிறுத்துற வரைக்கும் நாங்க என்னத்தச் சொன்னோமாம்? ‘அம்மா சீரியஸ் உடனே வா’. வார்த்தைக்கு வார்த்தை காசு. எம் மச்சினன் அதைப் படிச்சுட்டு உடுத்துன வேட்டியோட பம்பாய்ல ரயிலேறுனான். ‘அன்பும் பாசமும் கொண்ட நம் தாயார்’னு ஆரம்பிச்சிருந்தா, காசும் தீந்திருக்கும், கெழவியும் முடிஞ்சிருப்பா.

ஸ்டான்போர்டுல அம்பது வார்த்தைக்குள்ள சமுதாயத்தோட பெரிய சவால் என்னன்னு சொல்லணும். பருவநிலை, வறுமை, போர், பாலின பேதம்னு நாலையும் எடுத்துத் தீத்தும் வச்சுட்டா. ஐ.நா. சபை 1945-ல இருந்து உக்காந்திருக்கு, பாவம், இவகிட்ட ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். ஏத்தா, நம்ம தெருவுக்குத் தண்ணி லாரி வந்தா குடத்தோட ஓடுறது பூரா பொம்பளைக. வண்டியக் கழுவ ஊத்துறது யாரு? அதை எழுதுன்னேன். கொஞ்ச நேரம் பேசல. அன்னைக்கு மட்டும் என்னை மொறைக்கல.

அங்கயே, கூடத் தங்கப்போற புள்ளைக்கு ஒரு கடுதாசியும் எழுதணும், 250 வார்த்தைக்குள்ள. ‘பன்முகத் திறமை கொண்ட நான்’னு ஆரம்பிக்கா. அந்தப் புள்ளைக்கு உன் முகம் ஒண்ணு போதும்த்தா. நீ கொறட்டை விடுவியா, வெளக்க எப்ப அணைப்ப, ஊறுகாப் பாட்டில அதோட புத்தகத்து மேல வைப்பியா, இதச் சொல்லு.

சிகாகோ பல்கலைக்கழகத்துக்காரங்கதான் சுத்தக் கோட்டிக்காரங்க. எனக்கு அவுகளத்தான் ரொம்பப் பிடிச்சுது. ஒரு வருசம் ‘எக்ஸைக் கண்டுபிடி’ன்னு மட்டும் கேட்டு விட்டிருக்காக. இன்னொரு வருசம், ‘புதன்கிழமையப் பத்தி என்ன நெனைக்க?’ பழைய கேள்விதான், பழகிப் பாருன்னு குடுத்தேன். ‘வாரத்தின் நடுவே நிற்கும் சமநிலை’ங்கா. பொன் கெடச்சாலும் புதன் கெடைக்காதுன்னு கேட்டு வளந்த புள்ள! உங்க அப்பத்தா வெத போட்டதும் புதன், புதுச்சேல கட்டுனதும் புதன். கடனைக் கேட்டு வந்த பலசரக்குக் கடைக்காரர்கிட்ட, ‘நல்ல காரியம், புதன்கிழமை வாரும்’னு சொல்லியே மூணு வருசம் ஓட்டுனா. அதை எழுதுனா அந்தச் சிகாகோ வாத்தியார் ஒரு புதன்கிழமையில உக்காந்து சிரிக்க மாட்டாரா?

பேரப்புள்ளைகளா, காமன் ஆப்புல கடைசி நாள் ராத்திரி 11.59 வரைக்கும் வாங்குவாக. அமெரிக்க மணிக்கு இல்ல, நீங்க இருக்குற ஊரு மணிக்கு. அதுக்குன்னு 11.58-க்கு ஒக்காராதீக. எழுதுனத அம்மாகிட்டயோ தம்பிகிட்டயோ சத்தமா வாசிச்சுக் காட்டுங்க. தம்பி சிரிச்சா அந்த வரிய அடிச்சிருங்க.

நேத்து ராத்திரி எம் பேத்தி தீனிக் கேள்விக்குப் பதில் எழுதி முடிச்சுட்டா. ‘கடலைமிட்டாய். ராத்திரி ரெண்டு மணிக்கு. தாத்தாவுக்குத் தெரியாது.’ கடைசி வரி பொய்யி. டப்பாவுல இன்னும் நாலு துண்டு கெடக்கு.