கொடி சுற்றினால் மாமனுக்கு என்ன?

? ஒன்பதாம் மாச ஸ்கேனில் பிள்ளை கழுத்தில் தொப்புள்கொடி சுற்றியிருக்காம். வீட்டில் அடுப்பே எரியவில்லை.
– நெசவாளி, சேவூர்

முதலில் அடுப்பைப் பற்றவையுங்கள், பிள்ளைத்தாய்ச்சிக்குப் பசிக்கும். நிறைமாதத்தில் நாலைந்து பிள்ளைகளில் ஒன்றுக்கு இப்படித்தான். பெரும்பாலும் தலை வெளியே வந்ததும் நர்ஸ் விரலால் கழற்றிவிடும் மாலை.

? மூச்சு அடைக்காதா?
– அதே வீட்டு ஆயா

உள்ளே இருக்கும்வரை பிள்ளை மூக்கால் மூச்சு வாங்குவதில்லை, ஆயா. பிராணவாயு வருவதே அந்தக் கொடி வழியாகத்தான். கழுத்து நெரிவதல்ல கவலை, கொடி நசுங்குவது. அப்படி நசுங்கினால் பிரசவ அறையில் பிள்ளையின் இதயத்துடிப்பு காட்டிக்கொடுக்கும்.

? நசுங்காமலிருக்க ஏற்பாடு உண்டா?
– கல்லூரி மாணவி, ஆரணி

உண்டு. கொடிக்குள் இரண்டு தமனி, ஒரு சிரை, அவற்றைச் சுற்றிலும் வழுவழுக் கூழ். அதைப் பற்றி லண்டன் வைத்தியர் தாமஸ் வார்ட்டன் 1656-இல் எழுதிவைத்தார். கூழுக்கு இன்றும் அவர் பெயர். போதாததற்குக் கொடியில் முறுக்கும் உண்டு. பாவுப் பட்டுக்கு முறுக்கு ஏன் என்று ஆரணியில் நான் சொல்ல வேண்டாம்.

? தறிக்குத் தார் சுற்றியதால்தான் கொடி சுற்றியது என்கிறார் மாமியார்.
– மருமகள், ஒண்ணுபுரம்

அப்படியானால் ஆரணி வட்டாரத்தில் சுற்றாத பிள்ளையே இருக்காது. உருண்டு புரள்வது பிள்ளை. கொடி நீளமாக இருந்தால் மாலை விழும். உங்களுக்கு இடுப்பு வலிக்கும். கொஞ்ச நேரம் மாமியார் ராட்டையைச் சுற்றட்டும்.

? தாய்மாமனுக்கு ஆகாதாமே! எண்ணெய்க் கிண்ணத்தில்தான் முகம் பார்க்கணுமாம்.
– மாமன், முள்ளிப்பட்டு

நாலைந்தில் ஒரு மாமனுக்கு ஆகாதென்றால் ஊரில் காது குத்த மடி கிடைக்காது. மருமகனை நேராகவே பாருங்கள். எண்ணெய் தலைக்கு.

? ஸ்கேனில் சிவப்பு, நீலம். நல்ல ரத்தம், கெட்ட ரத்தமா?

இல்லை. கருவியை நோக்கி ஓடினால் வழக்கமாகச் சிவப்பு, விலகி ஓடினால் நீலம். டாப்ளர் வித்தை. கழுத்தோரம் நிற வளையம் தெரிந்தால் கொடி. இன்று தெரிந்தது அடுத்த வாரம் காணாமலும் போகும்.

? பிறகு ஸ்கேனில் கொடியைப் பார்த்து என்ன லாபம்?
– ஆசிரியர், தேவிகாபுரம்

இது கேள்வி! கழுத்தை விடுங்கள். 18–20 வார ஸ்கேனிலேயே கேளுங்கள்: கொடி நஞ்சில் எங்கே ஒட்டியிருக்கிறது? கருப்பை வாயருகே, சவ்வின் மேல், காப்பில்லாமல் ரத்தக்குழாய் ஓடுகிறதா? அதற்கு 'வாஸா பிரீவியா' என்று பெயர்.

அரிதுதான். ஆனால் தெரியாமல் பனிக்குடம் உடைந்து குழாயும் கிழிந்தால், கொட்டுவது பிள்ளையின் ரத்தம். அதன் உடம்பில் மொத்தமே கால் லிட்டர்தான். முன்பே தெரிந்தால், வலி வருமுன் ஆபரேஷன் செய்து பிள்ளையைக் கையில் கொடுத்துவிடலாம். கேட்க வாய் வலிக்காது.

? ஆணா பெண்ணா, அதையும் கேட்கலாமா?

1994-ஆம் வருடச் சட்டப்படி சொன்னவருக்கும் ஜெயில், கேட்கும் கணவருக்கும் ஜெயில்.

? கழுத்தில் கொடி என்றால் ஆபரேஷன்தானே?

அது ஒன்றே காரணமென்றால் பொதுவாக வேண்டியதில்லை. டாக்டரிடம் வேறு காரணம் உண்டா என்று கேளுங்கள், இருந்தால் மறுக்காதீர்கள்.

? வலி வரும்வரை நாங்கள் எதைக் கவனிக்க?
– சேவூர் நெசவாளியே

பிள்ளையின் அசைவை. குறைந்ததாகப் பிள்ளைத்தாய்ச்சி சொன்னால் ராத்திரி 2 மணியானாலும் 108-ஐ அழையுங்கள். முந்தி இன்னும் ஒரு முழம் பாக்கி என்று விடியும்வரை தறியில் உட்கார்ந்திருக்காதீர்கள்.