வாழி பாடியாச்சா?

எங்கள் குடும்பத்தில் எந்த நாடகத்தின் கடைசிப் பாகத்தையும் யாரும் முழுசாகக் கேட்டதில்லை. தோவாளைப் பூச்சந்தை விடியுமுன்பே கூடிவிடும் என்பதால் முன்னிரவில் கண்ணயர்ந்தால்தான் உண்டு. கோயில் கொடைக்கு வில்லுப்பாட்டு வைத்தால், குடம் அடிப்பவர் உச்சத்துக்குப் போகும் நேரம் பார்த்து எங்கள் அம்மை முந்தானையை விரித்துப் படுத்துவிடுவாள். கடைசியில் வாழி பாடும்போது மட்டும் யாரும் எழுப்பாமலே எழுந்து கும்பிடுவாள். நடுவில் கதை என்னாச்சு என்று கேட்டால், "எல்லாருந்தான் செத்தாவ" என்பாள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும்.

இந்தக் குறை எங்களுக்கு மட்டும் உள்ளதல்ல. 1938 அக்டோபர் 30 அன்று ஆர்சன் வெல்ஸ் அமெரிக்க வானொலி நாடகத்தில் செவ்வாய் கிரகத்துப் படையை நியூ ஜெர்சியில் இறக்கிவிட்டார். ஊரே ஓடியது என்று மறுநாள் பத்திரிகைகள் ஊதிய ஊதலில் பாதி காற்றுதான். ஆனாலும் பயந்தவர்கள் இருந்தார்கள். கடைசிவரை உட்கார்ந்திருந்தால், அந்தப் படை கிருமி தொற்றிச் செத்ததும், வெல்ஸே வந்து இது சும்மா விளையாட்டு என்று சொன்னதும் காதில் விழுந்திருக்கும். அங்கேயும் நம்ம ஆட்கள்தான்.

2018 ஏப்ரலில் எனக்கு இந்தத் தோஷத்தைக் கழிக்க ஒரு வாய்ப்பு வந்தது. டக்ளஸ் ஆடம்ஸின் 'தி ஹிட்ச்ஹைக்கர்ஸ் கைடு டு த கேலக்ஸி', 1978 மார்ச் 8-ல் பிபிசி ரேடியோ 4-ல் தொடங்கிய விண்வெளி நாடகம், 40 ஆண்டு கழித்து ஆறாவது தொடரோடு முடிய இருந்தது. அன்று கடைசிப் பாகம். பூக்கூடையில் கைபேசியைச் சாய்த்து வைத்தேன். பக்கத்தில் அம்மை, நனைத்த வாழைநாரில் பிச்சி கட்டிக்கொண்டிருந்தாள்.

"என்னலே இது?"

"ஒலகத்த இடிக்க கதைம்மா. வானத்துல பைபாஸ் போடுகான். பூமி குறுக்க நிக்கி."

நார் நின்றது. "கல்லு நட்டானா?"

"அம்பது வருசமா பிளான் பார்வைக்கு வச்சிருக்கானாம். ஆல்ஃபா சென்டாரியில."

"அங்க போயி எவம் பாப்பான்? சரி, நட்டஈடு?"

நஷ்டஈட்டைப் பற்றி ஆடம்ஸ் மூச்சு விடவில்லை. நாலுவழிச் சாலைக்கு வயல் கொடுத்த ஒரு ஆளிடம் விசாரித்திருந்தால் அதற்கே தனியாக ஒரு தொடர் எழுதியிருப்பார்.

முடிப்பதும் அவருக்கு வரவில்லை. 1992-ல் வந்த ஐந்தாவது புத்தகத்தில் பூமியையும் ஆட்களையும் மிச்சமில்லாமல் ஒழித்துக்கட்டினார்; அம்மையின் ஒருவரி விமர்சனம் அதற்கு அப்படியே பொருந்தும். பிறகு அவருக்கே அது ரொம்ப இருட்டாகப் பட்டது. இன்னொரு புத்தகம் எழுதும் எண்ணத்தோடு இருந்தவர் 2001-ல், 49 வயதில், இறந்துபோனார். 2005-ல் அந்த ஐந்தாவது புத்தகத்தை வானொலிக்குக் கொண்டுவந்த டர்க் மேக்ஸ், செத்தவர்களைப் பிழைக்க வைத்து மங்களமாக முடித்தார். விட்டார்களா? 2009-ல் ஓயின் கோல்ஃபர் ஆறாவது புத்தகம் எழுத, அதுவும் நாடகமாகிவிட்டது. நம்ம டிவி சீரியல்காரர்கள் வீணாகக் கெட்ட பேர் வாங்குகிறார்கள்.

இதையெல்லாம் அம்மைக்கு விளக்கிக்கொண்டே, சுவரில் சாய்ந்துகொண்டு, கண்ணை மட்டும் லேசாக மூடியபடி, காதைத் தீட்டி வைத்துக் கேட்டுக்கொண்டிருந்தேன். ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று சன்னல் வழியாக நன்றாக வந்துகொண்டிருந்தது. அதுதான் தப்பு.

விலாவில் ஒரு குத்து விழுந்தது. திடுக்கிட்டுப் பார்த்தால் பிச்சி முழுதும் சரமாகிக் கூடைக்குள் கிடக்கிறது. கைபேசியில் ஓர் ஆள், நடித்தவர்கள், எழுதியவர், தயாரித்தவர் என்று ஒவ்வொரு பேராக நிதானமாக வாசித்துக்கொண்டிருந்தான். அம்மை அதைப் பார்த்து இரண்டு கையையும் கூப்பியிருந்தாள்.

"எந்திலே," என்றாள். "வாழி பாடுகான்."

நானும் கும்பிட்டேன்.