பொஷ் பணிப்பாளர் சபைக்கு, பாலாவிச் சந்தியிலிருந்து

ஷ்டுட்கார்ட் பொஷ் நிறுவனத்தின் மேன்மைதங்கிய பணிப்பாளர் சபையினருக்கு,

கல்பிட்டி மரக்கறி லொறிக்காரர் சார்பில் சலாமும் வணக்கமும். எங்கள் டீசல் பம்பில் உங்கள் பெயர்தான் பொறித்திருக்கிறது. அந்த உரிமையில் எழுதுகிறோம்.

2025 செப்டெம்பரில், வாகனப் பாகப் பிரிவில் இன்னும் சுமார் 13,000 பேரைக் குறைக்கப்போவதாக அறிவித்தீர்கள். பெரும்பாலும் ஜேர்மனியில். கேள்வி குறைந்துவிட்டது, மின்சாரக் காரும் நினைத்த வேகத்தில் விற்கவில்லை, வருடத்துக்கு 250 கோடி யூரோ துண்டு விழுகிறது என்றீர்கள். நியாயம்தான்.

இங்கே இலங்கையில் 2020 மார்ச்சில் வாகன இறக்குமதியையே அரசாங்கம் நிறுத்தியது. தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் வழி திறந்தது. அந்த வருடங்களில் எங்கள் கராஜ் பாஸுக்கு நிமிர நேரமில்லை. பழைய பத்திரிகையை விரித்து, பம்பைக் கழற்றி, பிளஞ்சர்களை ஒவ்வொன்றாக மண்ணெண்ணெயில் கழுவி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிக் கீறல் பார்ப்பார். புது வண்டி வராவிட்டால் பழைய வண்டிக்கு ஆள் வேண்டும். இந்தக் கணக்கு உங்கள் கணக்காளருக்குப் பிடிபடாது.

உங்கள் நிறுவனர் றொபேர்ட் பொஷ் 1906இலேயே எட்டு மணி நேர வேலை தந்தவராம். இன்று பங்கில் 94 வீதம் தர்ம நிறுவனத்தின் பெயரில். வாக்குரிமையோ வேறோர் அமைப்பின் கையில். பள்ளிவாசல் நம்பிக்கையாளர் சபைத் தகராறு பார்த்து வளர்ந்த எங்களுக்கு இது விளங்காதா? தர்மம் ஒரு பக்கம், சாவி ஒரு பக்கம்.

ஒரு யோசனை. இலங்கையில் 1971இன் 45ஆம் இலக்கச் சட்டப்படி, பதினைந்து பேராவது வேலைசெய்யும் இடத்தில் ஆள்குறைப்புக்குத் தொழிலாளியின் எழுத்துமூலச் சம்மதமோ, தொழில் ஆணையாளர் நாயகத்தின் அனுமதியோ வேண்டும். பயப்படாதீர்கள். கெட்டிக்கார முதலாளிமார் ஆட்களை மேன்பவர் ஏஜென்சி மூலம் எடுப்பார்கள். புத்தகத்தில் பெயரே இல்லாதவனை எப்படி நீக்குவது? “நாளைக்கு வர வேணாம்” என்று ஏஜென்சிக்காரர் போனில் சொல்வார், முடிந்தது. தொழிற்சங்கத்தோடு மாரடிக்கவும் வேண்டாம், 13,000 என்று உலகறியச் சொல்லி நாணவும் வேண்டாம்.

நிற்க. அந்த 13,000 பேரில் பழைய பம்ப் பிரிக்கத் தெரிந்தவர் எவராவது இருந்தால் அனுப்பிவையுங்கள். பாஸ் ஆள் தேடுகிறார். நாட்கூலி, பகல் சோறு கராஜ் செலவு. எட்டு மணி நேரம் என்று மட்டும் வாய் திறக்கக் கூடாது.

இப்படிக்கு,
பாலாவிச் சந்தி கராஜ் வாங்கில் காத்திருக்கும் வாடிக்கையாளன்